ஒரு போகம் முழுக்க ஊரில் இருங்கள்

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்திருக்கிறேன். ஆவணப்படம்தான் என் தொழில் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று லட்சம் கடன் வாங்கி நல்ல கேமரா ஒன்றுடன் சென்னைக்குப் போய்விடலாமா? கைச்செலவுக்கு வகுப்பு எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: கடன் வேண்டாம். சென்னையும் இப்போதைக்கு வேண்டாம்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று ஒரு நாள், ஐப்பசி மழையில் சம்பா மூழ்கினால் ஒரு நாள் என்று காவிரி டெல்டாவுக்கு வந்துபோகிற கேமராக்கள் ஏராளம். மதகில் மலர் தூவுகிற காட்சியும் அழுகிய பயிரை அள்ளிக் காட்டுகிற காட்சியும் எல்லோரிடமும் இருக்கின்றன. உங்கள் ஊர் மூணாறு தலைப்பு என்ற நீர்ப்பிரிப்பு மதகில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கிருந்து கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போகிறது, முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் யாருக்கு யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை ஜூனிலிருந்து, அணையை வழக்கமாக மூடும் ஜனவரி 28 வரை கூடவே இருந்து எடுத்தவர்கள் மிகக் குறைவு. அறுப்புக்குப் பிறகும் படம் முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் நிறுத்தப்பட்ட நெல்லுக்குக் காவலாகத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுத்திருப்பவரோடு இரவில் இருக்க வேண்டும். சென்னையில் அறை எடுத்துத் தங்கினால் இது முடியாது. உங்கள் கையிலுள்ள மூலதனம், ஊரில் இருப்பதுதான்.

கேமராவுக்கு முன் ஒலிக்குச் செலவழியுங்கள். இரண்டு காலர் மைக், ஒரு ரெக்கார்டர், மைக்குக்குப் பஞ்சுறை, ஆடாத ஸ்டாண்ட். நீங்கள் கேட்ட கடனில் இது சிறு பங்குதான். படம் எடுக்க இப்போதுள்ள போனே போதும். ஆடிக் காற்றில் பஞ்சுறை இல்லாத மைக்கில் பேச்சு தெளிவாகப் பதியாது. அறுவடை இயந்திரமோ மோட்டார் கொட்டகையோ பக்கத்தில் ஓடும்போது பேட்டி எடுக்காதீர்கள். வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சைச் சாயங்காலம் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பேசி முடித்ததும் அதே இடத்தின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அதுதான் உதவும். டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடினால் கெஞ்சியாவது நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சோடு பதிந்த பாட்டைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. உரிமைப் பிரச்சினையில் படமே முடங்கலாம்.

நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்துக்கொண்டால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் துடிக்காது. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பதிவுத் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அரை மணி நேரப் படத்துக்கு 30 மணி நேரம் எடுத்தீர்கள் என்றால் 1,350 ஜிபி வந்துவிடும். எனவே 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு தேவை, இரண்டும் வேறு வேறு வீட்டில். இரண்டிலும் ஏற்றித் திறந்து பார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது. கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

எடுத்த பேட்டியை அன்றன்றே நேரக் குறிப்போடு எழுதி வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டுத்தான் பலருடைய படம் நின்றுபோகிறது. நூறு மணி நேரத்தைக் குவித்துவிட்டு, எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பேசியவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கூலி, கடன், சாதி பற்றிப் பேசியவருக்கு அவர் வரும் பகுதியை முன்கூட்டியே போட்டுக் காட்டுங்கள். படம் வந்த பிறகும் அதே தெருவில் அவர் வாழ வேண்டும்.

தியேட்டரில் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்குவது விழா நடத்துபவர்களின் வேலை.

‘வகுப்பு எடுத்துச் சமாளிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘சமாளிக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணப்படம் மாதாமாதம் சோறு போடாது. பல ஆண்டுகளுக்குக் கற்பிப்பதுதான் உங்கள் வருமானமாக இருக்கும். அதைப் படமெடுப்பதற்குச் சமமான தொழிலாகப் பழகுங்கள். படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் 20 பிள்ளைகள் என்றால் நான்கு பேர் கொண்ட ஐந்து குழு, குழுவுக்கு ஒரு போன், அதுவும் பிளைட் மோடில். முதல் நாள் ஒரே பயிற்சி. கீற்று முடைவதைப் பத்து ஷாட்டில் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடி, ஜூம் கூடாது, பேச்சு கூடாது. மட்டையைக் கிழிப்பது, ஊறப்போடுவது, முடைவது என்ற வரிசை, பார்க்கிறவருக்குச் சொல்லாமலே விளங்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்தே பத்தையும் எடுத்துவிடுவார்கள். ஆகவே பத்து ஷாட்டில் மூன்று கைக்கு, மூன்று முகத்துக்கு, இரண்டு ஓலைக்கு, இரண்டு முழு இடத்துக்கு என்று முன்பே பிரித்துக்கொடுங்கள். நீங்கள் பேசுவது அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வகுப்புக்கு அழைப்பவர்களிடமிருந்து சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று எழுத்தில் வந்த பிறகு வகுப்புக்குத் தேதி கொடுங்கள். ஐந்து நாள் வேலை வாங்கிவிட்டுப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் தந்து அனுப்புகிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது உழைப்பை அவமதிப்பது. கல்லூரியில் நிரந்தர வேலை வேண்டுமென்றால் 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலையும், நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் தேவை. முதுகலையை அஞ்சல்வழியில் படித்தால் படப்பிடிப்பு தடைப்படாது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.