வாத்து வேட்டைக்குப் புதியவர் சுடும் தூரத்தை எப்படிக் கணிப்பது?

பறக்கும் வாத்து எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் சுடத் தயங்குவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் நல்லது. குறி முழுக்கத் தவறினால் பரவாயில்லை. தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவையில் ஒன்றிரண்டு மட்டும் பட்ட பறவை பறந்துபோய் நாணலுக்குள் விழுந்து மெல்லச் சாகும். அதுதான் கொடுமை.

முதல் சில பருவங்களுக்கு 30 கெஜத்தை எல்லையாக வையுங்கள். எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 40 கெஜத்துக்கு மேல் நன்றாகப் பழகியவர்களுக்கே கஷ்டம்.

வெறும் வானத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் கண் ஏமாறும். அதனால் தூரத்தைத் தண்ணீரிலேயே அளந்து வைத்துவிடுங்கள். மறைவிடத்திலிருந்து சரியாக 30 கெஜத்தில், வாத்துகளை ஈர்க்க வைக்கும் பொம்மை வாத்துகளில் கடைசியானதை மிதக்கவிடுங்கள். அதைத் தாண்டி இருப்பதைச் சுடாதீர்கள். லேசர் தூரமானி இருந்தால் கரையில் உள்ள மரம், புதர் எல்லாவற்றையும் பறவைகள் வருமுன்பே அளந்துகொள்ளலாம். தலைக்கு மேல் உயரமாகப் போவதுதான் மிகவும் ஏமாற்றும். பக்கத்தில் தெரிந்த உயரமுள்ள மரம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இறகு நிறமும் கண்ணும் தெளிவாகத் தெரிவது ஓர் அடையாளம்தான், ஆனால் மங்கல் வெளிச்சத்தில் அதை நம்ப முடியாது.

அப்புறம், பருவம் தொடங்குமுன் 30 கெஜத்தில் பெரிய காகிதம் கட்டிச் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் ரவை எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். வாத்து நுழையும் அளவு இடைவெளிகள் இருந்தால் வேறு சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) அல்லது தோட்டாவை மாற்றிப் பாருங்கள், அல்லது இன்னும் கிட்டே வரவிட்டுச் சுடுங்கள்.