பள்ளிப் பிள்ளைகளும் சொந்த ஆய்வும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணறுகளில் நீரின் கடினத்தன்மை எவ்வளவு, மழைக்குப் பின் அது மாறுகிறதா என்று குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஆராய விரும்புகிறாள். பத்தாம் வகுப்பு நெருங்கும் நேரத்தில் இது வீண் வேலை என்கிறார் டியூஷன் ஆசிரியர். இதற்கிடையே, பணம் கட்டினால் சில வாரங்களிலேயே அவள் பெயரில் ஆய்விதழ்க் கட்டுரை வெளியிட்டுத் தருவதாக ஓர் இணைய நிறுவனம் அழைக்கிறது. இத்தகைய ஆய்வுகளால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: மதிப்பெண்ணும் கல்லூரி இடமும் மட்டுமே பயன் என்று கொண்டால், டியூஷன் ஆசிரியரோடு வழக்காட இடமில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டும், மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வைக் கொண்டும் நடைபெறுகின்றன; பள்ளி நாள்களில் செய்த ஆய்வுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே மேல்நிலை மாணவர்கள் தாங்களே தலைப்பைத் தேர்ந்து, சுமார் 120 மணி நேரம் உழைத்து முடிக்கும் தனி ஆய்வுப் பணிக்கு, பள்ளி இறுதித் தேர்வான ‘ஏ லெவல்’ பாடம் ஒன்றில் பாதி மதிப்பு உண்டு. வேலை எப்படி நடந்தது என்று மாணவர் எழுதிவந்த பதிவேட்டையும் பார்த்தே மதிப்பிடுகிறார்கள். நம் தேர்வு முறையில் அப்படி ஒன்று இல்லாதவரை, இந்த ஆய்வு மகளுக்குச் சீட்டு வாங்கித் தரும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.

ஆனாலும் பயன் உண்டு என்றே நான் கருதுகிறேன். பாடநூலில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் விடை முன்பே தெரியும். தம் கருவியில் வேறு அளவு வந்தால், பிள்ளைகள் அதை அழித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதிவிடுகிறார்கள். விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, தம் ஊகம் சரியா என்பதைத் தம் அளவீடுகளைக் கொண்டே தீர்மானிக்கும் பழக்கம் வகுப்பறையில் அநேகமாக வாய்ப்பதே இல்லை.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சான்று அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசாவினுடையது. உடலைத் தொடாமலே, நோயாளியைச் சூழ்ந்த ஆற்றல் புலத்தைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்துவதாகக் கூறிய ஒரு சிகிச்சை முறை அங்கே செவிலியர்களிடையே பரவியிருந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 9 வயது எமிலி செய்தது இவ்வளவுதான்: நடுவே ஓர் அட்டைத் தடுப்பு வைத்தாள்; சிகிச்சையாளர் தடுப்பின் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்ட, நாணயத்தைச் சுண்டி அதன்படி ஏதோ ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்து, எந்தக் கை என்று கேட்டாள். சிகிச்சையாளர்கள் 21 பேர், முயற்சிகள் 280. சரியான விடைகள் 123, அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் இதை வெளியிட்டது. புள்ளியியலிலும் எழுத்திலும் பெரியவர்கள் உடனிருந்தார்கள். செவிலியரான அவளுடைய தாயும் கட்டுரையை எழுதியவர்களுள் ஒருவர். ஆனால் கேள்வியும் சோதனை முறையும் சிறுமியுடையவை. செலவோ மிகச் சொற்பம்.

அந்தத் துணை முக்கியமானது. ‘தானாகவே கண்டுபிடிக்கட்டும்’ என்று பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவர் 2006ஆம் ஆண்டில் எழுதிய, இன்றும் விவாதிக்கப்படும் கட்டுரை ஒன்று, ஒரு துறையில் அடிப்படை அறிவு இன்னும் உருவாகாத மாணவர்களைப் போதிய வழிகாட்டல் இன்றித் தேட விட்டால், அவர்கள் நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களைவிடக் குறைவாகவே கற்கிறார்கள் என்று வாதிட்டது. அந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை என்றாலும், அதன் எச்சரிக்கை நியாயமானது. உங்கள் மகளுக்கு நீரின் கடினத்தன்மை என்றால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் என்ற அளவுக்காவது முன்னறிவு வேண்டும்; வாரம் ஒருமுறையேனும் உட்கார்ந்து ‘இது ஏன், அது எப்படித் தெரியும்’ என்று கேட்கும் ஆசிரியர் ஒருவரும் வேண்டும்.

அவள் எடுத்துள்ள தலைப்பு நல்லது. ஆனால் இன்னும் சுருக்க வேண்டும். தெருவில் உள்ள எல்லாக் கிணறுகளையும் எடுக்காமல், ஆழம் தெரிந்த ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் டிசம்பருக்குப் பின் ஒருமுறையும், மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகே நீர் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அளக்கவேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால், மாற்றம் நீரில் உள்ளதா, அளப்பதில் உள்ளதா என்று சொல்ல முடியாது. பியூரெட் என்னும் அளவுக்குழாய் உள்ள பள்ளி ஆய்வகத்தில், வேதியியல் ஆசிரியரின் மேற்பார்வையில், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிணைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறங்காட்டி ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் இடத்தைக் குறிப்பது அவளால் இயலும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. தெருவின் எண்களை இந்த இரண்டு எல்லைகளோடு ஒப்பிட்டாலே ஆய்வுக்கு ஒரு பொருள் வந்துவிடும். மழைக்குப் பின் கடினத்தன்மை குறையும் என்பது அவளுடைய ஊகமாக இருக்கலாம். மேல்மண்ணின் உப்பை மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுசென்றால் கூடவும் கூடும்.

1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊர்ப் பிரச்சினையை வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு ஆராய்வதற்கென்றே அமைந்தது. தமிழிலேயே கட்டுரை வாசிக்கலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஒன்பதாம் வகுப்பே இதற்கு ஏற்ற காலம். வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் படிப்பு கெடாது.

பணம் கேட்கும் நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நேர்மையான ஆய்விதழ் எதுவும் கட்டுரையைப் படிக்கும் முன்பே வெளியீட்டுக்கு உத்தரவாதம் தராது.

கேள்வி: என் வகுப்பில் நாற்பது மாணவர்கள். ஆளுக்கொரு ப்ராஜெக்ட் கொடுத்தால், பாதிப் பேர் இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். எப்படித் தடுப்பது?
- அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நகலெடுக்கக்கூடிய தலைப்பைக் கொடுக்கும்வரை தடுக்க முடியாது. முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்காகச் செயல்திட்டங்கள் வந்தபோது, ‘மாசுபாடு’, ‘சூரியக் குடும்பம்’ என்று அச்சடித்த தாள்களை ஸ்டேஷனரி கடைகளே விற்கத் தொடங்கியதை நாம் பார்த்தோமே. செயலி வந்தது அதற்குப் பிறகுதான்.

நாற்பது தனி ஆய்வுகளுக்கு ஓர் ஆசிரியரால் வழிகாட்டவும் முடியாது. வகுப்பு முழுவதற்கும் பொதுவாக ஒரே தரவைச் சேர்க்கச் செய்து, கேள்விகளை மட்டும் தனித்தனியாக விடுங்கள். பள்ளி வளாகத்திலும் வீட்டருகிலும் உள்ள வேம்பு, புங்கன், கொன்றை மரங்களை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் எந்த நிலையில் உள்ளன என்று குறிப்பதை ‘சீசன்வாட்ச்’ என்னும் மக்கள் அறிவியல் திட்டம் நாடு முழுவதும் செய்துவருகிறது; அதில் பள்ளிகளும் சேரலாம். பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பும் அத்தகையதே. உங்கள் பள்ளி வேம்பு எந்த வாரம் பூத்தது என்பதை எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. வாரந்தோறும் கையால் எழுதிய குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண்ணும், இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்விக்குக் கால் பங்கும் ஒதுக்கிவிட்டால், அழகான அட்டைக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

கேள்வி: தேநீர்க் கழிவு இட்டால் வெண்டைச் செடி வேகமாக வளரும் என்று எதிர்பார்த்தேன். எட்டு வாரம் அளந்தும் வேறுபாடே இல்லை. போட்டிக்கு இதைக் கொண்டுபோனால் தோற்றுவிடுவேனா? எண்களைச் சற்று மாற்றலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.
- பதினொன்றாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

பதில்: மாற்றாதீர்கள். வேறுபாடு இல்லை என்பதும் ஒரு முடிவே. அதைச் சொல்லுமுன், ஒவ்வொரு வகையிலும் எத்தனை செடிகள் வைத்தீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வெயிலும் நீரும் கிடைத்தனவா, எந்த நாளில் யார் அளந்தார் என்பவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்று செடிகள்தாம் என்றால், சிறிய வேறுபாடு இருந்திருந்தாலும் உங்கள் கண்ணுக்குப் பட்டிருக்காது. அதையும் கட்டுரையிலேயே எழுதுங்கள். நடுவர் முதலில் கேட்கப்போவது அநேகமாக இந்தக் கேள்வியைத்தான். அப்போது திறந்து காட்ட, அடித்தல் திருத்தல்களோடு கூடிய உங்கள் முதல் குறிப்பேட்டையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைப் புதிதாகப் படியெடுக்க வேண்டாம்.