ஒரே அலைவரிசையில் எட்டுப் பேர் கதைத்தால்: கேள்வி பதில்

நல்லூர்த் தேரன்று போன் திணறியதைப் பற்றி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. டவர் பலருடைய சிக்னலைப் பிரித்தெடுக்கும் விதம் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

உயர்தர மாணவி, சாவகச்சேரி: இரண்டு போன் ஒரே அலைவரிசையில் ஒன்றாக அனுப்பினால் கலந்துவிடாதா, சேர்?

கலக்கும், தங்கச்சி. ஆனால் ஒவ்வொரு அன்டெனாவிலும் வேறு விதமாகக் கலக்கும். இரண்டு அன்டெனா என்றால் இரண்டு ஒருங்கமை சமன்பாடுகள், தெரியாக் கணியங்களும் இரண்டு. குணகங்கள் எப்படித் தெரியும்? ஒவ்வொரு போனும் டவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கோலத்தை முதலில் அனுப்பும். அதற்குப் பைலட் என்று பெயர்.

சிக்கல் இனித்தான். இரு போன்களும் அனுப்புவது அ, ஆ (ஒவ்வொன்றும் +1 அல்லது −1). முதல் அன்டெனாவில் அ + 0.9ஆ, மற்றதில் 0.9அ + ஆ என்று வைப்போம். துணிகோவை (1 × 1 − 0.9 × 0.9) 0.19. தீர்க்கும்போது அந்த 0.19ஆல் வகுக்க வேண்டும். முதல் அன்டெனாவில் வெறும் 0.2 இரைச்சல் புகுந்தாலும் 'அ'வில் அது சுமார் 1.05 ஆக ஊதிவிடும். +1 அனுப்பியவர் −1 அனுப்பியதாகத் தெரிய அது காணும்.

பொறியியல் பீட மாணவர், கிளிநொச்சி: அண்ணை, அதற்குத்தானே எம்எம்எஸ்ஈ (சராசரி வழுவைக் குறைக்கும் பிரிப்பு முறை)? புரொஜெக்டுக்கு எம்எல் (அனுப்பியிருக்க அதிகம் வாய்ப்புள்ளதைத் தேடும் முறை) எடுக்கலாமா?

ஓம் தம்பி. மேலே செய்ததுபோல் சமன்பாட்டை அப்படியே தீர்ப்பது சீரோ போர்சிங். அது மற்றவர் சிக்னலின் குறுக்கீட்டை அடியோடு துடைக்கப் பார்க்கும், இரைச்சலைக் கவனிக்காது. எம்எம்எஸ்ஈ இரண்டையும் தராசில் வைக்கும். எம்எல் சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளையும் ஒப்பிடும். நாலு பேர், கியூபிஎஸ்கே (ஒருவர் ஒரு தடவைக்கு நாலு குறியீடுகளில் ஒன்றை அனுப்பும் முறை) என்றால் 256தான். எட்டுப் பேர், 16 கியூஏஎம் (16 குறியீடுகளில் ஒன்று) என்றால் 429 கோடியைத் தாண்டும், அதுவும் ஒவ்வொரு குறியீட்டுக்கும்! இந்தப் பெருக்கம் 1980களில் ஆய்வாளர் செர்ஜியோ வெர்டு, பலர் ஒரே அலைவரிசையைத் தனித்தனிக் குறிகளால் பகிரும் சிடிஎம்ஏக்கு உகந்த பிரிப்பானை ஆராய்ந்தபோதே தெரிந்ததுதான். எல்லாவற்றையும் பார்க்காமல் கிட்டிய சேர்க்கைகளை மட்டும் தேடும் ஸ்பியர் டிகோடர் அழகான உத்தி, ஆனால் இரைச்சல் கூடினால் தேடல் நீளும். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்ல முடியாத ஒன்றைச் சிப்பில் போடுவது தலையிடி. எம்எம்எஸ்ஈயைக் கட்டுங்கள், எம்எல்லை 4×4 (நாலு போன், நாலு அன்டெனா) அளவில் ஒப்பீட்டுக்கு வைத்திருங்கள்.

இணுவில் வாசகர்: பலமான சிக்னலை முதலில் கழிப்பார்களாமே?

தவில் ஊரவருக்கு விளக்குவது சுகம். தவிலடியை முதலில் பிடித்துக் கழித்துவிட்டால் மிச்சத்தில் நாதஸ்வரம் தெளியும். பெல் ஆய்வகத்தின் பல அன்டெனா முறையான வி-பிளாஸ்ட் இப்படித்தான் வேலை செய்தது. ஆனால் முதல் ஊகம் பிழைத்தால், இல்லாத அடியைக் கழித்து மற்றதையும் கெடுப்போம்.

போன் கடைக்காரர், கொக்குவில்: 64 அன்டெனா என்றால் 64 பேரா?

கணக்கில் சரி, நடைமுறையில் அவ்வளவு பேரை ஏற்றமாட்டார்கள். 64 அன்டெனாவுக்கு எட்டுப் பேர் என்று வையுங்கள். பெரும்பாலும் ஒருவரின் குணக நிரல் (64 அன்டெனாவிலும் அவருக்குரிய குணகங்கள்) மற்றவருடையதற்குச் செங்குத்தை நெருங்கும், மேலே சொன்ன 0.19 தொல்லை கரையும். எளிய எம்எம்எஸ்ஈயே போதும். ஆய்வாளர் தாமஸ் மார்செட்டா 2010இல் அன்டெனாக்களை வரம்பின்றிக் கூட்டிப் பார்த்தபோது கடைசியில் மிஞ்சிய தொல்லை, பக்கத்து டவர்களிலும் அதே பைலட் பாவிக்கப்படுவதுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: இவ்வளவு இருந்தும் தேரன்று வீடியோ ஏன் போகவில்லை?

ஒரே வீதியில், டவருக்கு ஒரே திசையில், தோளோடு தோள் நின்றால் குணகங்களும் ஒன்றுபோல வரும். திரும்பவும் 0.19 கதை. அதோடு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். நானும் கனடாவிலுள்ள அக்காவுக்கு வடம் பிடிக்கிற வீடியோ அனுப்பினேன். தேர் இருப்பிடம் வந்து, நான் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் அது போய்ச் சேர்ந்தது.