பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் தைரொயிட் ஏன் குழம்புகிறது?

முன்பு வருத்தமே இல்லாதவருக்கு இப்போது நெஞ்சுப் படபடப்பும் மெலிவும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கர்ப்பகாலத்தில் அடங்கியிருந்த நோயெதிர்ப்புத் தொகுதி பேற்றின் பின் வேகமாக மீள்கிறது. தைரொயிட்டுக்கு எதிராக உடலே ஆக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் உள்ளவர்களில் அது தைரொயிட் சுரப்பியையே தாக்கலாம். கலங்கள் சிதைய, சேமிப்பிலிருந்த ஓமோன் இரத்தத்தில் கசியும், படபடப்பு அதனால்தான். சுரப்பு கூடவில்லை, ஆகவே சுரப்பைக் குறைக்கும் காபிமசோல் மருந்து உதவாது. சுரப்பு உண்மையிலேயே கூடும் கிரேவ்ஸ் நோயும் இக்காலத்தில் வரக்கூடும் என்பதால், அதைக் காட்டும் டிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) ஏற்பி எதிர்ப்பொருளையும் இரத்தத்தில் பார்ப்பது நல்லது.

பேற்றின் பின் 4 முதல் 8 மாதமளவில் சேமிப்புத் தீர்ந்து களைப்பு, மலச்சிக்கல், மனச்சோர்வு வரலாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இதைப் பத்தியம் பிழைத்ததென்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள், கிளினிக்கில் இரத்தத்தில் டிஎஸ்எச் அளவைப் பாருங்கள். குறையும் ஓமோனை ஈடுசெய்யும் தைரொக்சின் குளிசை தந்தால் வெறுவயிற்றில், இரும்புக் குளிசைக்கு 4 மணித்தியாலம் தள்ளி எடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.