கடல் தண்ணியில ஓடின பழைய டீசல் எஞ்சின்: வாங்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும்

மும்பையில இருக்கிற நம்ம ஆளுங்க சிலர் பழைய மோட்டார் போட், லாஞ்ச் எஞ்சின் பத்திக் கேள்வி அனுப்பியிருந்தாங்க. மஜ்காவ், தாருகானா பக்கம் போட் எஞ்சின் ஃபிட்டரா வேலை பார்க்கிறவன் நான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

செம்பூரிலிருந்து: அண்ணாச்சி, நாங்க மூணு பேர் சேர்ந்து மாண்ட்வாவில ஒரு 32 அடி போட் பார்த்து வெச்சிருக்கோம். 25 வருஷப் பழசு, ரெட்டை டீசல். ஆனா மீட்டர்ல 600 மணிதான் காட்டுது. கிட்டத்தட்ட புது எஞ்சின்தானே?

600ஐ 25ஆல வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு 24 மணி நேரம். மீதி நாளெல்லாம் அந்த எஞ்சின் உப்புக் காத்துல, குழாய்க்குள்ள கடல் தண்ணி தேங்கி நிக்க, சும்மாவே கிடந்திருக்கு. சும்மா கிடந்தா சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயில் வடிஞ்சிடும். திறந்து நிக்கிற வால்வு வழியா ஈரக்காத்து உள்ள போயி பிஸ்டன் ரிங்குல துரு பிடிக்கும். ரப்பர் சீல் காய்ஞ்சு வெடிக்கும். ஒழுங்கா ஆயில் மாத்தி, வாராவாரம் ஓடி, 3,000 மணி கண்ட எஞ்சின் பக்கத்துல இருந்தா நான் அதைத்தான் எடுப்பேன்.

போட் டீசல் தேய்ஞ்சு சாகிறது குறைவு. உப்புத் தண்ணி போகக் கூடாத இடத்துக்குப் போயிதான் பெரும்பாலும் சாகும். அதனால டார்ச் அடிச்சு முதல்ல பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் எல்போ. சூடான புகையும் அதைக் குளிர வைக்கிற கடல் தண்ணியும் கலக்குற வளைவு அது. வெளியே புதுப் பெயின்ட் மின்னும், உள்ளே உப்பும் கரியும் சேர்ந்து இரும்பை அரிச்சுத் தகடாக்கி வெச்சிருக்கும். உள்பக்கம் ஓட்டை விழுந்துட்டா தண்ணி வெளியே போற வழியை விட்டுட்டு டர்போவுக்கும் சிலிண்டருக்கும் திரும்பும். எல்போ மாத்துறது அரை நாள் வேலை. அதை மாத்தாம விட்டு முழு எஞ்சினையும் கிரேன் வெச்சுத் தூக்கின போட் எத்தனையோ பார்த்தாச்சு, ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். எல்போவைக் கழட்டிப் பார்க்க விக்கிறவர் சம்மதிக்கலைன்னா பேரத்தை அங்கேயே நிறுத்திடுங்க.

அடுத்தது ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல (எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணிக்குக் கடத்துற பெட்டி) இருக்கிற ஜிங்க் பென்சில். மத்த உலோகத்துக்குப் பதிலா தான் கரையுற துத்தநாகக் குச்சி அது. திருகிக் கழட்டுங்க. பாதி கரைஞ்சிருந்தா நல்ல சேதி, அது தன் வேலையைச் செஞ்சிருக்கு, புதுசு போட்டுக்கலாம். பென்சிலே இல்லாம வெறும் மூடி மட்டும் வந்துச்சுன்னா, அது தீர்ந்த நாள்லேருந்து கரைஞ்சது ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான்.

அந்தேரியிலிருந்து: நான் பார்க்கப் போன போட் ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சு சார். எஞ்சின் மேல கை வெச்சப்ப லேசா சூடு இருந்த மாதிரி தோணுச்சு. அதுல ஏதாவது விஷயம் இருக்கா?

இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஓட்டி வெச்சிருக்காங்க. டீசலோட உண்மை நிலைமை ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினை எழுப்பும்போதுதான் தெரியும். "நான் வந்து தொட்ட பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்"னு முன்கூட்டியே சொல்லிட்டு, காலையில போங்க.

எழுப்பினதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்னா கவலையில்லை. சூடேறின பிறகும் நிக்கலைன்னா இன்ஜெக்டர் சரியா தூவலை, இல்ல கம்ப்ரஷன் குறைவு, இல்ல சிலிண்டருக்குள்ள தண்ணி. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. முழு வேகத்துல கரும்புகைன்னா ஒண்ணு காத்து போதலை, இல்ல எஞ்சின் சக்திக்கு மீறின சுமை. நல்லா சூடான பிறகு ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்க. லேசா ஆவி வந்தா சரி. புசுபுசுன்னு அடிச்சுக்கிட்டு வந்தா ரிங் போயிடுச்சு.

இதைவிட முக்கியமான சோதனை ஒண்ணு உண்டு, பலர் செய்யுறதில்ல. கடல்ல, ஆள் ஏத்தி, முழு த்ராட்டில் கொடுத்து ஆர்.பி.எம். பாருங்க. எஞ்சின் பிளேட்டுல 2,600னு போட்டிருந்தா அதைத் தொடணும், கொஞ்சம் தாண்டினா இன்னும் நல்லது. 2,300லயே மூச்சு முட்டி நின்னுச்சுன்னா புரொப்பல்லர் பெரிசு, இல்ல போட்டு அடியில சிப்பி மண்டியிருக்கு, இல்ல எஞ்சினே தளர்ந்திருக்கு. அப்படியே வருஷக்கணக்கா ஓட்டியிருந்தா பிஸ்டனும் வால்வும் அந்தச் சூட்டைத் தாங்கிக்கிட்டே இருந்திருக்கும். பேனல் மீட்டரை நம்பாதீங்க, கையில பிடிக்கிற டேக்கோமீட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

ஆயிலை லேப்ல கொடுத்துப் பார்க்கிறதும் நல்லது. சோடியமும் மெக்னீசியமும் சேர்ந்து வந்தா கடல் தண்ணி உள்ள நுழைஞ்சிருக்கு. ஈயம், தகரம் ஏறியிருந்தா பேரிங் தேயுது. ஆனா நேத்து மாத்தின ஆயில்ல எந்த லேபும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எப்போ மாத்தினாங்கன்னு கேட்டுட்டு சாம்பிள் எடுங்க.

தாராவியிலிருந்து: அண்ணாச்சி, நான் ஐ.டி.ஐ. முடிச்ச மெக்கானிக். தாருகானாவில உடைக்கிற கப்பலோட லைஃப்போட் எஞ்சின் மலிவா கிடைக்குது. ஓடாத எஞ்சின்னு சொல்றாங்க. ஒரு சின்ன போட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி, ஆனா அது எப்படி வாழ்ந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு எடு. சோலாஸ்ங்கிற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி லைஃப்போட் எஞ்சினை வாரம் ஒரு தடவை, குறைஞ்சது 3 நிமிஷம் ஓட்டிப் பார்க்கணும். 20 வருஷம் கப்பல்ல தொங்கின எஞ்சினுக்கு அந்த 3 நிமிஷம்தான் வாழ்க்கை. சூடேறுறதுக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்க. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவும், சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆகி ரிங் உட்காராது. ஆயில்ல ஈரம் தங்கும். ஹெட்டைக் கழட்டி சிலிண்டரைப் பாரு. ஹோனிங் பண்ணி (சிலிண்டர் சுவரை லேசா உரசிச் சொரசொரப்பாக்கி) ரிங் மாத்தினா பல எஞ்சின் நல்லாவே எழுந்து வரும்.

அதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. லைஃப்போட் தண்ணிக்கு வெளியே தொங்கும்போதே எஞ்சின் 5 நிமிஷமாவது ஓடணும்னு விதி. அதனால பலதுக்கு மூடின நல்ல தண்ணி சுத்துதான் கொடுத்திருப்பாங்க, எஞ்சின் பிளாக்குக்குள்ள உப்புத் தண்ணி போயே இருக்காது. டென்மார்க்கோட பூக் டிவி 24 மாதிரி ரெட்டை சிலிண்டர் எஞ்சின் கிடைச்சா தைரியமா கையை வை. வேகம் மட்டும் எதிர்பார்க்காதே. 6 நாட் போகுற படகுக்குன்னு செஞ்சது அது. வாங்குறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸும் சேர்ந்து வருதா, அதோட விகிதம் என்னன்னு பாரு. தனியா கியர்பாக்ஸ் தேடி அலையறது எஞ்சின் விலையைவிடப் பெரிய செலவாயிடும்.

கொலாபாவிலிருந்து: எந்தக் கம்பெனி எஞ்சின் அண்ணா நல்லது?

ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்துல கிடைக்கிற எஞ்சின்தான் நல்ல எஞ்சின். அசோக் லேலண்ட், கிர்லோஸ்கர், கம்மின்ஸ் மூணுக்கும் நம்ம நாட்டுல பார்ட்ஸ் கஷ்டமில்ல. கம்மின்ஸ் 6பி.டி. 5.9 லிட்டர் எடுக்கிறவங்க டைமிங் கவருக்குள்ள (கியர்களை மூடுற மூடி) இருக்கிற டவல் பின்னை, அதாவது சின்ன எஃகு முளையை, கட்டாயம் பாருங்க. அது தளர்ந்து கியருக்குள்ள விழுந்தா எல்லாம் முடிஞ்சது. ஒரு சின்னத் தகடு வெச்சு அதைத் தடுத்துடலாம். கேட்டர்பில்லர் 3208 கிடைச்சா, அதுக்கு மாத்துற லைனர் (சிலிண்டருக்குள்ள போடுற உறை) கிடையாதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. சிலிண்டர் கீறல் விழுந்தா பிளாக்கையே போர் பண்ணணும், அதாவது கடைஞ்சு துளையைப் பெரிசாக்கணும்.

சசூன் டாக்கிலிருந்து: அண்ணே, நான் ராமேஸ்வரம். இங்க டிராலர்ல டிரைவரா இருக்கேன். தடைக்காலத்துல எஞ்சினை அப்படியே விட்டுட்டு ஊருக்குப் போயிடுறோம். திரும்பி வந்தா ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணுது.

நம்ம ஊர்ப் பக்கம் தடை ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும், வெயில் காலம். இங்க ஜூன் 1லேருந்து ஜூலை 31, கொட்டுற மழை. அதே 61 நாள்தான், ஆனா இந்த ஈரம் எஞ்சினைத் தின்னுடும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கு. ஆயிலைப் போகும்போதே மாத்து, திரும்பி வந்து மாத்தலாம்னு வைக்காதே. பழைய ஆயில்ல சேர்ந்த அமிலம் ரெண்டு மாசமும் பேரிங்கை அரிச்சுக்கிட்டே இருக்கும். கடல் தண்ணி பம்ப்ல நல்ல தண்ணியை விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி உப்பைக் கழுவு. பிறகு இம்பெல்லரை (பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இறக்கைச் சக்கரம்) வெளியே எடுத்து வெச்சிடு, உள்ளேயே விட்டா இறக்கை மடங்கினபடியே நின்னுடும். டீசல் டேங்கை நிரப்பு. பாதி டேங்க்ல ஈரம் தண்ணியா மாறி அடியில தங்கும், அந்தத் தண்ணியும் டீசலும் சேருற இடத்துலதான் கருப்புக் கசடா பூசணம் வளரும். கடல்ல அலையடிக்கும்போது ஃபில்டர் அடைச்சு எஞ்சின் நிக்கிறது பல சமயம் இதனாலதான். எக்ஸாஸ்ட் வாயை மூடு, பேட்டரியைக் கழட்டு. இங்கேயே தங்குற ஆள் யாராவது இருந்தா வாரம் ஒரு தடவை கையால எஞ்சினைச் சுத்திவிடச் சொல்லு.

வாஷியிலிருந்து: அண்ணா, வீட்டுக்காரர் சின்ன லாஞ்ச் ஓட்டுறார். நீர் வத்தின நேரம் க்ரீக் பக்கம் போனா டெம்பரேச்சர் ஏறுது, ஆழத்துக்கு வந்தா இறங்கிடுது. எஞ்சின் மாத்தணும்னு ஒருத்தர் சொல்றார்.

எஞ்சின் மாத்த வேண்டாம்மா. வத்தத்துல அந்தப் பக்கம் சேறும் பிளாஸ்டிக் பையும்தான் பம்புக்குள்ள போகும். ஸ்ட்ரெய்னர் (தண்ணி வடிகட்டி) கூடையை தினமும் கழுவச் சொல்லுங்க. அடுத்து இம்பெல்லரைக் கழட்டி இறக்கையை எண்ணச் சொல்லுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் அந்தத் துண்டு முன்னால எங்கேயோ, பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில, அடைச்சுக்கிட்டு நிக்கும். புது இம்பெல்லர் போட்டா மட்டும் தீராது, அந்தத் துண்டை எடுத்தே ஆகணும். தண்ணி வராம ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓடினாலே இம்பெல்லர் கருகிடும்ங்கிறதால, ஒரு ஸ்பேர் எப்பவும் போட்ல இருக்கட்டும்.

முலுந்திலிருந்து: ஸ்டார்ட் ஆகாம பத்துப் பதினஞ்சு தடவை சாவி போட்டேன். திடீர்னு எஞ்சின் இறுகி நின்னுடுச்சு. என்ன ஆச்சு?

இனி சாவியைத் தொடாதீங்க. நீங்க சுத்தினப்பெல்லாம் பம்ப் கடல் தண்ணியை அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு, வெளியே தள்ள புகை இல்லாததால சைலன்சர் நிரம்பி சிலிண்டருக்குள்ள வந்திருக்கும். தண்ணி அமுங்காது, பலவந்தப்படுத்தினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சீ காக்கை (கடல் தண்ணி உள்ள வர்ற வால்வு) மூடிட்டு, சைலன்சர்ல தேங்கினதை வடிச்சிட்டு, இன்ஜெக்டரைக் கழட்டிக் கையால மெதுவா சுத்தித் தண்ணியை வெளியே எடுங்க. சிலிண்டருக்குள்ள ஆயில் விடுங்க, கீழே ஆயிலைப் பார்த்து பால் நிறமா இருந்தா ஒண்ணுக்கு ரெண்டு தடவை மாத்துங்க. இன்னைக்கே செஞ்சா பிழைக்கும், நாளான்னைக்குத் துரு பிடிச்சிருக்கும். இனிமே ரெண்டு மூணு சுத்துல எடுக்கலைன்னா சீ காக்கை மூடிட்டு முயற்சி பண்ணுங்க. எஞ்சின் எடுத்த உடனே திறந்துடணும்.

செம்பூர் நண்பர் மறுபடி: ட்ரையல் எங்க ஓட்டிப் பார்க்கலாம் அண்ணாச்சி? கேட்வே முன்னாடியே போதுமா?

அங்க வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பர் 18 அன்னைக்கு எலிஃபென்டா போன நீல்கமல் ஃபெர்ரி மேல கடற்படைப் படகு மோதினது ஞாபகம் இருக்கும். எஞ்சின் ட்ரையல்ல இருந்த படகு, எஞ்சின் கோளாறால கட்டுப்பாடு இழந்துச்சுன்னு கடற்படையே சொன்னது. பத்துப் பேருக்கு மேல உயிர் போச்சு. தெரியாத எஞ்சினை முழு வேகத்துல ஓட்டிப் பார்க்கிறது எவ்வளவு ஆபத்துன்னு அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

ஃபெர்ரி பாதையை விட்டு நல்லா விலகி, ஆழமான திறந்த இடத்துக்குப் போங்க. ஜெட்டியில கட்டியிருக்கும்போதே த்ராட்டில் கேபிளையும் கியர் கேபிளையும் பலமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. துரு பிடிச்சுச் சிக்கினா அன்னைக்கு ட்ரையலே வேண்டாம். எஞ்சினை நிறுத்துற லீவர் எங்க இருக்கு, கையால எப்படி நிறுத்தணும்னு ஏறுற எல்லாருக்கும் காட்டிடுங்க. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ஏறுங்க, கையில வெச்சுக்கிட்டு ஏறாதீங்க. முதல் அரை மணி பாதி வேகம், டெம்பரேச்சரும் ஆயில் பிரஷரும் நிலையா நின்ன பிறகுதான் முழு த்ராட்டில். திரும்பி வந்ததும் ஃபிளோர்போர்டைத் தூக்கி, பில்ஜ்ல (போட்டோட அடிப்பள்ளம்) புதுசா தண்ணியோ ஆயிலோ சேர்ந்திருக்கான்னு பாருங்க. சேர்ந்திருந்தா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுற வரைக்கும் முன்பணம் கொடுக்காதீங்க.