பயப்படுகிற நாளில்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 38 வயது. மார்பில் ஒரு கட்டி இருந்தது. போன திங்கட்கிழமை பயாப்சி எடுத்தார்கள். வருகிற வியாழக்கிழமை ரிசல்ட் வரும். கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்ற வசனம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். கைகால் நடுங்குகிறது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வேறு ஜெபம் வரவில்லை. ஜெபக்குழுவில் ஒரு அம்மா, “வேதத்தில் ‘பயப்படாதே’ என்று 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று. அதற்கப்புறமும் பயந்தால் அது அவிசுவாசம்” என்றார். எனக்கு விசுவாசம் இல்லையா? உபவாசம் இருக்கட்டுமா? எந்தச் சங்கீதத்தை வாசித்தால் இந்தப் பயம் போகும்?

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புத் தங்கைக்கு,

உபவாசம் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். கட்டிகள் எல்லாம் புற்றுநோய் இல்லை என்பதை அவரே சொல்லியிருப்பார்.

அந்த 365 கணக்கை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுவருகிறேன். யாராவது உட்கார்ந்து எண்ணினால் அது நிற்காது. எண்ணிக்கை கிடக்கட்டும். யாரிடம் அப்படிச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பெத்லகேம் வயல்வெளியில் மிகவும் பயந்துபோயிருந்த மேய்ப்பர்களிடம். தேவதூதனைக் கண்டு கலங்கிய மரியாளிடம். அம்மா இருட்டில் அழுகிற பிள்ளையிடம் “பயப்படாதே, நான் இருக்கிறேன்” என்கிறாளே, அந்தச் சொல் அது. அதைப் பிரம்பாக எடுத்து உங்கள் முதுகில் அடித்திருக்கிறார் அந்த அம்மா. எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் மேலும் கொஞ்சம் கோபம்தான். அந்த அட்டையை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அது 91ஆம் சங்கீதம். எனக்கும் பிடித்த சங்கீதம்தான். ஆனால் பிசாசு இயேசுவைச் சோதித்தபோது எடுத்துச் சொன்ன வசனமும் அதே சங்கீதத்தில்தான் இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். அவர் குதிக்கவில்லை. ஒரு வசனத்தைக் காப்பீட்டுப் பத்திரம்போல வைத்துக்கொண்டால், வியாழக்கிழமை ரிசல்ட் வேறு மாதிரி வந்துவிட்டால் கடவுளையே தூக்கிப்போட வேண்டிவரும். அப்படி ஒரு நிலையில் உங்களை நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

சரி, பயம் அவிசுவாசம் என்கிற பேச்சுக்கு வருகிறேன். இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் என்ன நடந்தது? அவர் ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்’ என்று எழுதுகிறார் மாற்கு. வேறு யாரைப் பற்றியும் இல்லை, இயேசுவைப் பற்றித்தான். பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரையும் கூட அழைத்துப்போய், ‘என்னோடேகூட விழித்திருங்கள்’ என்று கேட்கிறார். கேட்டும் அவர்கள் தூங்கிவிட்டார்கள். அப்புறம் மூன்றாம் தரமும் போய் ‘அந்த வார்த்தைகளையே சொல்லி’ ஜெபம்பண்ணினார் என்கிறது மத்தேயு. வேறு வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்கும் அன்று அதே வார்த்தைகள்தான் வந்தன, தங்கை. இதை அவிசுவாசம் என்று சொல்ல எந்த ஜெபக்குழுவுக்குத் துணிச்சல் வரும்?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் என் அம்மா.

1979. எனக்குப் பன்னிரண்டு வயது. திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர், சுற்றிலும் பனங்காடு. அப்பாவுக்கு வயிற்றில் ஆப்பரேஷன், மறுநாள் காலையில். ராத்திரி அம்மா அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அப்பா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து இரண்டாவது பட்டன். கை நடுங்கியதில் ஊசிக் காதில் நூல் ஏறவே இல்லை. நூலை வாயில் வைத்து ஈரப்படுத்துகிறாள், கோக்கப் பார்க்கிறாள், தவறுகிறது, மறுபடியும் ஈரப்படுத்துகிறாள். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். “பயமா இருக்கா அம்மா?” என்று கேட்டேன்.

“பயமாத்தான் இருக்கு. அதுக்குன்னு பட்டன் இல்லாத சட்டையையா போட்டுட்டு வீட்டுக்கு வருவாவ?” என்றாள். அப்புறம், ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே தைத்தாள். 56ஆம் சங்கீதம். காத் ஊரில் பெலிஸ்தரிடம் மாட்டிக்கொண்டபோது தாவீது பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அந்த ஊரில்தான் அவர் ராஜாவுக்குப் பயந்து, பைத்தியக்காரனைப்போல வாசற்கதவுகளில் கீறி, தாடியில் வாய்நுரை வழிய நின்றார். கோலியாத்தைக் கொன்ற அதே தாவீதுதான்.

அப்பா வீட்டுக்கு வரவில்லை. ஆறாம் நாள் போய்விட்டார். பெட்டியில் வைக்கும்போது அந்தச் சட்டையைத்தான் போட்டுவிட்டோம்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். உறவுக்காரர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருக்கலாம்” என்றார். அம்மா உள்ளே போய் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் வீச வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. நம் சபைகளில் சுகமானவர்களைத்தான் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். என் அம்மாவை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951இல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருடம் படுக்கையறையே கதி. சுற்றி இருந்தவர்கள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? சுகம் வரவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டே புத்தகம் புத்தகமாக எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவுல் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறார். பேச்சில் நாம் முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். நம்பிக்கை என்றால் எனக்கு அந்தப் பட்டன்தான் ஞாபகம் வருகிறது. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. பட்டன் மட்டும் சட்டையில் உறுதியாக நின்றது.

எந்தச் சங்கீதம் என்று கேட்டீர்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. 56 வாசியுங்கள், ஒரு தடவை போதும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கணவரை எழுப்புங்கள், தூக்கம் கெட்டால் கெடட்டும். வியாழக்கிழமை தனியாகப் போகாதீர்கள். அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் கூடப்பிறந்தவர்களோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். யார் வருகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.