குளிரில் டயர் காற்று எங்கே போகிறது?

ஜனவரியில் குடும்பத்தோடு கனடாவின் எட்மன்டன் நகருக்கு வரப்போகும் தம்பி, வாடகை, பள்ளிக்கூடம், பழைய கார் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருக்கிறார்: "அங்கே இருக்கும் நண்பனின் காரில் குளிர் வந்ததும் நான்கு டயரிலும் காற்று இறங்கி, எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம். பங்சரா?"

வாடகையைப் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் டயருக்கு வருகிறேன்.

பங்சர் இல்லை தம்பி. ஒரே இரவில் நான்கு டயரிலும் ஆணி ஏறாது. காற்று உள்ளேதான் இருக்கிறது, அதன் வேகம்தான் குறைந்துவிட்டது. டயருக்குள் இருப்பதில் பெரும்பகுதி நைட்ரஜன். 20 டிகிரியில் அதன் மூலக்கூறுகள் விநாடிக்குச் சுமார் 510 மீட்டர் வேகத்தில், கேரம் காய் சட்டத்தில் மோதுவதுபோல டயரின் உட்சுவரில் ஓயாமல் மோதுகின்றன. அழுத்தம் என்பது இந்த மோதல்களின் மொத்தம்தான். 1738இலேயே டேனியல் பெர்னூலி என்ற சுவிஸ் அறிஞர் இதை எழுதிவைத்துவிட்டார்.

மைனஸ் 30இல் அந்த வேகம் 465 மீட்டராகிறது. பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லையே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மோதலும் மெதுவாக விழுகிறது, மோதல்களின் எண்ணிக்கையும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை 17 சதவீதம் இறக்கிவிடுகின்றன. மீட்டரில் இன்னும் மோசமாகத் தெரியும். 20 டிகிரியில் மீட்டர் காட்டும் 35 psi (டயர் அழுத்தத்தின் அலகு) என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள கணக்கு. வெளிக்காற்றின் சுமார் 15ஐயும் சேர்த்தால் உள்ளே இருப்பது 50. இதைக் கெல்வின் கணக்கில், அதாவது டிகிரியோடு 273ஐக் கூட்டி, 293ஆல் வகுத்து 243ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 41 வரும். பதினைந்தைக் கழித்தால் மீட்டரில் 26. பெரும்பாலான கார்களில் நிறுவனம் சொன்ன அளவில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரியும். 35இல் கால் பங்கு போனால் 26தான். உங்கள் நண்பரின் கார் சரியாகத்தான் சொல்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை. "நைட்ரஜன் அடித்தால் குளிரில் இறங்காது" என்று கடைக்காரர் காசு கேட்பார். கொடுக்காதீர்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், குளிர்ந்தால் அதுவும் இதே கணக்கில்தான் இறங்கும். வந்த புதிதில் என்னிடமும் ஒரு கடையில் இதையே சொல்லி நல்ல தொகை கறந்தார்கள். அந்தக் காசுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று. சூடேற்றிய கராஜுக்குள் நின்று 35 வைத்துக்கொண்டு வெளியே போனால் பயனில்லை. கார் இரவெல்லாம் வெளியே நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன் அளந்து, காரின் கதவோரச் சீட்டில் போட்டிருக்கும் அளவுக்கு அடியுங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடத் தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். பெட்ரோல் பங்கில் வால்வு மூடியைத் திருகக் கையுறையைக் கழற்றியாக வேண்டும். அரை நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், குழாயும் சில நாள் உறைந்து கிடக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக எனக்கு அதுதான் துணை.

இதே மாகாணத்தில் தெற்கே கால்கரி நகரில் இருக்கும் நம்மவர்களிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள். அங்கே சினூக் என்ற வெப்பக்காற்று வீசினால் ஒரே நாளில் இருபது டிகிரி ஏறிவிடும், விளக்கும் அணைந்துவிடும். கார் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். டொரண்டோக்காரர்களோ மைனஸ் பத்துக்கே புலம்புகிறவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள்.

நாங்கள் வந்ததும் ஜனவரிதான். மகன் சென்னையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கால்பந்து பால்கனியில் ஓர் இரவு கிடந்து, காலையில் அமுக்கினால் கட்டைவிரல் உள்ளே போனது. யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழுதான். ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன், மதியத்துக்குள் பந்து பழையபடி விம்மிவிட்டது. பள்ளியில் படித்த வாயு விதியை அவனுக்கு அன்று சொல்லிக்கொடுத்தேன். காதில் வாங்கவே இல்லை, பந்தை எடுத்துக்கொண்டு வரவேற்பறையில் உதைக்கத் தொடங்கிவிட்டான். கீழ்வீட்டுக்காரர் அன்றுதான் முதன்முதலாக எங்கள் கதவைத் தட்டினார்.